நகரமைப்பு அரசு வேலைக்கு வார இறுதி கோச்சிங்: கொடுத்த காசுக்குத் தேறுமா?

உள்ளாட்சியில் நகரமைப்பு, நகர மேம்பாடு பக்கம் வேலைக்குப் போக நினைக்கிற சிவில், ஆர்க்கிடெக்சர் ஆட்களுக்கென்று தனியாக நடத்தும் வார இறுதி வகுப்பு இது. அண்ணா நகரில் தெருவுக்கு நாலு இருக்கிற டிஎன்பிஎஸ்சி சென்டர்களில் ஒன்று, பெயர் வேண்டாம். சனிக்கிழமை முழுநாள், ஞாயிறு அரைநாள், எட்டு மாத கோர்ஸ். கட்டணம் 35,000 ரூபாய். அதற்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி, ஆக மொத்தம் 41,300. நோட்டீஸில் ஜிஎஸ்டி பற்றி ஒரு வார்த்தை கிடையாது, பில் போடும்போதுதான் வாயைத் திறக்கிறார்கள். நான் கோர்ஸை முடித்து, பரீட்சையும் எழுதிவிட்டு இதை எழுதுகிறேன். ரிசல்ட் இன்னும் வரவில்லை, அதனால் பாஸான குஷியோ ஃபெயிலான கடுப்போ இதில் கலந்திருக்காது.

ஞாயிற்றுக்கிழமை வகுப்பு என்று ஒன்று மட்டும் இல்லையென்றால் ஐந்துக்கு இரண்டு ஸ்டார் போட்டுவிட்டுப் போயிருப்பேன். அது இருப்பதால் மூன்றரை.

சேரப் போகும்போது ரிசப்ஷனில் இருப்பவர் "ஒரே கோர்ஸ் சார், எல்லா எக்ஸாமும் கவர் ஆயிடும்" என்பார். ஆகாது. இந்தத் துறைக்குள் போக ஒரு வாசல் இல்லை, நாலைந்து வாசல் இருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் தகுதி வேறு, பாடத்திட்டம் வேறு, உள்ளே போன பிறகு செய்யும் வேலையும் வேறு. காசு கட்டுவதற்கு முன்னால் இதை யாராவது உட்காரவைத்துச் சொல்ல வேண்டும். இவர்கள் சொல்வதில்லை, அதனால் நான் சொல்கிறேன்.

அரசியல் சட்டத்தின் 74வது திருத்தம் 1992இல் வந்தது, 1993 ஜூன் 1 முதல் அமலில் இருக்கிறது. அதில் சேர்த்த 12வது அட்டவணையில் உள்ளாட்சிகளுக்கான 18 பணிகளில் முதலாவதே நகரமைப்புதான். ஆனால் தமிழ்நாட்டில் நடப்பது என்ன? சென்னைக்கு முழுமைத் திட்டம் (மாஸ்டர் பிளான்) போடுவது சிஎம்டிஏ, அதாவது சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம், மாநகராட்சி இல்லை. 2008இல் நடைமுறைக்கு வந்து 2026 வரைக்கும் என்று போட்ட இரண்டாவது முழுமைத் திட்டமும் அவர்கள் கைவண்ணம்தான். மற்ற ஊர்களுக்கு நகர் ஊரமைப்பு இயக்ககம், அதாவது டிடிசிபி. பழைய குடியிருப்புகளை இடித்துக் கட்டுவது நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம். மாநகராட்சி கையில் இருப்பது ரோடு, நடைபாதை, மழைநீர் வடிகால், பார்க், மார்க்கெட், ஓரளவு வரை கட்டட அனுமதி. ஆக "உள்ளாட்சியில் நகரமைப்பு வேலை" என்று நாம் ஒரே மூச்சில் சொல்வது நிஜத்தில் மூன்று நான்கு ஆபீஸ்களில் சிதறிக் கிடக்கிறது. உங்களுக்கு ஒரு தெருவை நடக்கிற மாதிரி மாற்றிக் காட்ட வேண்டும் என்று ஆசை இருந்தால் மாநகராட்சி இன்ஜினியர் வேலை. வரைபடம், நிலப் பயன்பாடு, லேஅவுட் என்றால் டிடிசிபி, சிஎம்டிஏ. சிவிலும் ஆர்க்கிடெக்சரும் படிக்காதவர்களுக்கும் ஒரு வழி உண்டு: குரூப் 2 அறிவிக்கையில் சில சமயம் இரண்டாம் நிலை நகராட்சி ஆணையர் பதவி வரும், எந்த டிகிரியும் போதும், அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் இன்ஜினியர் நீட்டும் ஃபைலில் கையெழுத்துப் போடுகிற ஆள் நீங்கள்தான்.

டிடிசிபி உதவி இயக்குநர் பதவி அடிக்கடி அறிவிப்பு வருகிற சரக்கு இல்லை. வந்தாலும் காலியிடம் கொஞ்சம்தான். அதனால் இந்த சென்டரில் சேரும் பெரும்பாலானோர் கடைசியில் எழுதுவது ஒருங்கிணைந்த தொழில்நுட்பப் பணிகள் தேர்வை, அதாவது உதவிப் பொறியாளர் வகைப் பதவிகளுக்கு. சம்பள விகிதம் 37,700இல் தொடங்கும். வெளியில் இதே டிகிரிக்கு கான்ட்ராக்டரிடம் இருபதாயிரத்துக்கு வெயிலில் நிற்கிற ஆளுக்கு அது பெரிய விஷயம், அதைச் சும்மா தள்ளிவிட முடியாது.

அப்புறம் இன்னொரு வாசல், ஒப்பந்த வேலை. ஸ்மார்ட் சிட்டி திட்டம் 2015 ஜூனில் தொடங்கிய பிறகு தமிழ்நாட்டில் 11 ஊர்கள் அதில் வந்தன: சென்னை, கோவை, மதுரை, திருச்சி, சேலம், திருநெல்வேலி, தூத்துக்குடி, திருப்பூர், தஞ்சாவூர், வேலூர், ஈரோடு. ஊருக்கு ஒரு கம்பெனி தொடங்கி, திட்ட மேலாண்மைக்கு கன்சல்டன்ட் வைத்து, அதில் இளம் பிளானர்கள், டிசைனர்கள் என்று நிறையப் பேர் நுழைந்தார்கள். நல்ல வேலையும் கற்றுக்கொண்டார்கள். 2025 மார்ச் 31இல் திட்டம் முடிந்தது, அவ்வளவுதான். என் கூடப் படித்த இரண்டு பேர் அப்படி ஒப்பந்தம் முடிந்து வந்தவர்கள், ஏழெட்டு வருட அனுபவத்தோடு புதிதாகப் படித்து முடித்த பையன்களோடு அதே பெஞ்சில் உட்கார்ந்து ஸ்டீல் ஸ்ட்ரக்சர் கேள்விக்கு ஓஎம்ஆர் ஷீட்டில் வட்டம் கறுத்துக்கொண்டிருந்தார்கள். திட்டத்தோடு வருகிற வேலை திட்டத்தோடு போகும். அந்த வழியாகப் போகிறவர்கள் இதைத் தெரிந்தே போக வேண்டும்.

சரி, வகுப்புக்கு வருவோம்.

இன்ஜினியரிங் பாடங்கள் எடுக்கிறவர்கள் பரவாயில்லை ரகம். மண்ணியல், நீரியல், கான்கிரீட் எல்லாம் கல்லூரியில் படித்ததையே வேகமாக ஒரு ஓட்டு ஓட்டி, பழைய கேள்வித்தாள்களைப் போட்டுத் தருகிறார்கள். வேகம் ஜாஸ்தி. கேள்வி கேட்டால் "பிரேக்ல வாங்க" என்பார்கள், பிரேக்கில் டீ குடிக்கப் போய்விடுவார்கள். பொது அறிவு வகுப்பு சுத்தம், யூடியூபில் இலவசமாகக் கிடைப்பதை விடக் குறைவு.

தமிழ் வகுப்புக்கு மட்டும் தனியாக நல்ல மார்க் போட வேண்டும். உதவிப் பொறியாளர் தேர்வில் தமிழ் தகுதித் தாள் பத்தாம் வகுப்புத் தரத்தில் 100 கேள்வி, 150 மதிப்பெண். அதில் 60 எடுக்கவில்லை என்றால் உங்கள் மற்ற விடைத்தாளைத் திருத்தவே மாட்டார்கள். சிவில் தாள் 300 மதிப்பெண்ணுக்கு நீங்கள் எவ்வளவு பிளந்து கட்டியிருந்தாலும் வீண். இங்கிலீஷ் மீடியத்தில் படித்துவிட்டு பிரஞ்சோ இந்தியோ எடுத்தவர்கள் பேட்ச்சில் ஒரு பத்துப் பேர் இருந்தார்கள், முதல் மாதம் சந்திப்பிழை என்றாலே அவர்கள் முகம் சுண்டிவிடும். ஓய்வுபெற்ற பள்ளித் தமிழாசிரியை ஒருவர் வருகிறார், அடிக்காத குறையாகச் சொல்லிக்கொடுத்து அத்தனை பேரையும் மாதிரித் தேர்வில் அறுபதைத் தாண்டவைத்தார். "ஏம்மா, பாலம் கட்டத் தெரியுது, பிரிச்சு எழுதத் தெரியலையா?" என்பதுதான் அவருடைய அதிகபட்சத் திட்டு.

அடுத்தது நோட்ஸ். இங்கேதான் எனக்கு நிஜமாகவே கோபம். எட்டு புத்தகம், ஸ்பைரல் பைண்டிங், மேலே பளபளவென்று புது வருடம் போட்ட அட்டை. உள்ளே நகராட்சி நிர்வாகம் என்ற அத்தியாயத்தைத் திறந்தால் 1920ஆம் ஆண்டு மாவட்ட நகராட்சிகள் சட்டம் பிரிவு வாரியாக ஓடுகிறது. தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம், 1998 என்ற ஒன்று 2023 ஏப்ரல் 13 முதல் நடைமுறைக்கு வந்து, அந்தப் பழைய சட்டங்களையெல்லாம் மூட்டை கட்டிவிட்டது. அதைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. கட்டட விதிகள் பகுதியில் சாதாரணக் கட்டடத்துக்கு எஃப்எஸ்ஐ, அதாவது மனைப் பரப்பைப் போல் எத்தனை மடங்கு தளப்பரப்பு கட்டலாம் என்ற கணக்கு, 1.5 என்று இருக்கிறது. 2019இல் வந்த ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளில் அது 2 ஆகிவிட்டது, உயரமான கட்டடங்களுக்கு 3.25, உயரக் கணக்கில் 18.30 மீட்டரைத் தாண்டினால்தான் அது உயரமான கட்டடம். குடிசை மாற்று வாரியத்தின் பெயரை 2021இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாற்றியதும் நோட்ஸுக்கு எட்டவில்லை. பரீட்சையில் இதிலிருந்து இரண்டு கேள்வி வந்தால் நோட்ஸை நம்பியவன் இரண்டிலும் காலி. ஆபீஸில் போய்ச் சொன்னேன். "அப்டேட் பிடிஎஃப் வாட்ஸ்அப் குரூப்ல வரும் சார்" என்றார்கள். வந்தது. யாரோ செய்தித்தாளை மேஜையில் வைத்து போனில் எடுத்த படம், ஓரத்தில் டீ கிளாஸ் தெரிகிறது.

இப்போது ஞாயிறு வகுப்பு.

நகரமைப்புத் துறையில் முழு சர்வீஸும் முடித்து ஓய்வுபெற்ற ஒருவர் எடுக்கிறார். பெயரைப் போட்டால் அவருக்குச் சங்கடம். பாடத்திட்டத்தைத் தொடவே மாட்டார் என்று சென்டர்காரர்களுக்கே அவர் மேல் புகார் உண்டு. முதல் வகுப்பில் வந்து ஆளுக்கு ஒரு ஜெராக்ஸ் கொடுத்தார். எஃப்எம்பி, புலப்பட நகல், சர்வே நம்பரை மட்டும் வெள்ளை மையால் அழித்திருந்தார். நிலத்தை அளக்க நடுவே இழுத்த ஜி-லைன், அதிலிருந்து இரண்டு பக்கமும் ஆஃப்செட் தூரங்கள், மீட்டரில் குட்டி குட்டி எண்கள். "இதுல ஒரு மழைநீர் வடிகால் போடணும், கோடு போடுங்க" என்றார். எல்லோரும் ஸ்கேல் எடுத்து ரோட்டோரமாக நேராக ஒரு கோடு இழுத்தோம். நான்கு வருடம் படித்த படிப்பு, வேறென்ன செய்வோம். அவர் என் தாளை எடுத்துப் பார்த்துவிட்டு, "தம்பி, இந்தக் கோடு யாரோட வீட்டு வாசப்படியில ஏறி இறங்குதுன்னு பார்த்தியா?" என்றார். வரைபடத்தில் ரோடு என்று நாங்கள் நினைத்தது ஒரு இடத்தில் ரோடே இல்லை, பட்டா நிலத்துக்குள் நாக்கை நீட்டிக்கொண்டிருந்தது. அடுத்த ஒன்றரை மணி நேரம் பட்டா, சிட்டா, நகர நில அளவைப் பதிவேடு, நத்தம், நீர்நிலைப் புறம்போக்கு இதெல்லாம் ஒன்றோடொன்று எங்கே ஒத்துப்போகும், எங்கே முட்டிக்கொள்ளும் என்று போட்டு உடைத்தார். ஒரு தெரு மேம்பாட்டு வேலை ஏன் டெண்டர் விட்ட பிறகும் மாதக்கணக்கில் நகராமல் நிற்கிறது என்பதற்கு எனக்கு அன்றைக்குத்தான் விடை தெரிந்தது. பணம் வந்து சேராமல் நிற்பதை விட, நிலம் யாருடையது என்று தெரியாமல் நிற்பதுதான் ஜாஸ்தி.

ஒரு ஞாயிறு காலை ஏழு மணிக்கு பாண்டி பஜார் வரச் சொன்னார். சர் தியாகராய சாலையில் நடைபாதை வளாகம் 2019 நவம்பரில் திறந்தார்கள், எல்லோரும் அங்கே செல்ஃபி எடுத்திருப்போம். கடை திறக்காத நேரத்தில் அதைப் பார்ப்பது வேறு மாதிரி இருக்கிறது. பனகல் பார்க் பக்கமிருந்து நடந்துகொண்டே அவர் காட்டியதெல்லாம் காலுக்குக் கீழே. மேன்ஹோல் மூடி தரையோடு சமமாக இருக்கிறதா, ஓடுகள் எந்த இடத்தில் ஆடுகின்றன, வண்டி ஏறாமல் நட்ட குட்டைத் தூண் எங்கே பெயர்ந்திருக்கிறது, பார்வையற்றவர்களுக்கான கோடு போட்ட ஓடு போய் எந்த மரத்தில் முட்டி நிற்கிறது. ஒரு ஓட்டின் மேல் காலை வைத்து ஆட்டிக் காட்டிவிட்டு, "இதைக் கட்ட ஸ்மார்ட் சிட்டி பணம் வந்துச்சு. ரிப்பேர் பண்ண எந்த ஹெட்ல இருந்து பணம் வரும்?" என்று கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. திட்டப் பணம் கட்டுவதற்கு மட்டும், பராமரிப்பு மாநகராட்சியின் சொந்த வருவாய் தலையில் விழும், அதை முதல் நாளே எஸ்டிமேட்டோடு சேர்த்து யோசிக்காதவன் இந்த வேலைக்கு வரக் கூடாது என்றார். நடைபாதை வியாபாரிகளை 2013 வாக்கில் பக்கத்திலேயே ஒரு வளாகத்துக்குள் மாற்றிய கதையையும் சொன்னார். அதற்கு அடுத்த வருடம் தெருவோர வியாபாரிகள் சட்டம் வந்தது. அதன்படி நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் பேர் வியாபாரிகளே தேர்ந்தெடுத்த வியாபாரிகளாக இருக்க வேண்டும், அதில் மூன்றில் ஒருவர் பெண். இந்த எண்கள் நோட்ஸிலும் இருக்கின்றன. ஆனால் அந்தக் குழு கூடும்போது பூ விற்கிற அம்மாவிடம் உங்கள் வரைபடத்தை நீட்டி அவருக்குப் புரியும்படி பேசத் தெரிய வேண்டும் என்பது எந்த நோட்ஸிலும் இல்லை.

இன்னொரு வகுப்பை மறக்க முடியாது. வாரியத்தின் பழைய அடுக்குமாடிகளை இடித்து அதே இடத்தில் சுமார் 400 சதுர அடி வீடுகளாகக் கட்டுகிறார்களே, அந்தக் காலத்தில் குடும்பங்கள் வெளியே வாடகைக்குப் போய்த் தங்க அரசு ஒரு கருணைத் தொகை தருகிறது. முன்பு 8,000 ஆக இருந்ததை 24,000 ஆக உயர்த்தினார்கள். சார் போர்டில் 24,000 என்று எழுதி, கட்டி முடிக்கப் பதினெட்டு மாதம் என்று வைத்துக்கொள்வோம், வகுத்துப் பாருங்கள் என்றார். மாதத்துக்கு 1,333 ரூபாய். "சென்னையில இந்தக் காசுக்கு வாடகை வீடு எங்க கிடைக்கும்னு யாராவது சொல்லுங்க." ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. பேட்ச்சில் பெரும்பாக்கத்திலிருந்து வரும் ஒரு பெண் இருந்தார், நகரத்துக்குள் இருந்த வீட்டை எடுத்துவிட்டு இருபது கிலோமீட்டருக்கு அப்பால் குடிவைத்த குடும்பம். அன்றைக்கு அவர்தான் வகுப்பு எடுத்தார் என்று சொல்லலாம். அம்மா வீட்டுவேலை பார்த்த இடத்துக்கு பஸ் எத்தனை மணிக்கு, எத்தனை மாற வேண்டும், தம்பி பள்ளிக்கூடத்தை எப்போது நிறுத்தினான் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். சார் குறுக்கே பேசவே இல்லை. இடத்திலேயே கட்டுவதா, வெளியே அனுப்புவதா என்று ஐந்து மதிப்பெண் கேள்வியாகப் படித்துக்கொண்டிருந்த எங்களில் பாதிப் பேர் அதற்குப் பிறகு ஸ்மார்ட் சிட்டி பணத்தில் சீரமைத்த கோவைக் குளங்களைப் பற்றிப் பேசும்போது கூட, உக்கடம் பெரிய குளத்துக் கரையில் நடைபாதை எவ்வளவு அழகு என்பதோடு, குளக்கரைகளில் இருந்தவர்களை எங்கே அனுப்பினார்கள் என்றும் கேட்க ஆரம்பித்தோம்.

இந்த வகுப்பை சென்டர்காரர்கள் நடத்தும் விதம் இருக்கிறதே, அநியாயம். டைம்டேபிளில் "ஃபீல்டு ஓரியன்டேஷன்" என்று கடைசி வரியில் சின்ன எழுத்து. மாதிரித் தேர்வு வந்தால் முதலில் ரத்தாவது அதுதான். சாருக்கு மைக் கிடையாது, பிரொஜெக்டர் பாதி நாள் வேலை செய்யாது.

கோர்ஸில் சொல்லிக்கொடுக்காமல் விட்டது இன்னும் நிறைய. உதவிப் பொறியாளராகப் போய் உட்கார்ந்த அடுத்த வாரமே எஸ்டிமேட் போட வேண்டும், எம்-புக் (செய்த வேலையின் அளவுகளைப் பதியும் புத்தகம்) எழுத வேண்டும், கான்ட்ராக்டர் பில்லைச் சரிபார்க்க வேண்டும், நிதி தந்தவர்களுக்குப் பயன்பாட்டுச் சான்று அனுப்ப வேண்டும். எம்-புக்கில் ஒரு அளவைத் தப்பாக எழுதிக் கையெழுத்துப் போட்டால் பத்து வருடம் கழித்து ஆடிட்டில் உங்கள் பென்ஷன் வரைக்கும் வந்து கழுத்தைப் பிடிக்கும் என்று சார் எச்சரித்தார். எம்-புக் எப்படி இருக்கும் என்று ஒருநாள் காட்டுங்கள் என்று கேட்டுப் பார்த்தோம். சிலபஸில் இல்லையாம்.

மாதிரி நேர்முகத் தேர்வு வெறும் சடங்கு. கோட் போட்ட மூன்று பேர், "ஒய் டவுன் பிளானிங்?" என்று ஒரு கேள்வி, "கான்ஃபிடன்ஸ் பத்தல" என்று ஒரு கமென்ட், அடுத்த ஆளைக் கூப்பிடு. மாதிரித் தேர்வுகள் மட்டும் ஒழுங்காக நடக்கின்றன, விடை விளக்கமும் அன்றைக்கே கிடைக்கும். ஆப் அடிக்கடி தொங்கும். ஏசி இருக்கிறது, ஆனால் எண்பது பேருக்கு ஒரே டாய்லெட், பெண்களுக்கு ஒரு மாடி கீழே இறங்கிப் போக வேண்டும். பைக் நிறுத்த இடமில்லை, மெட்ரோவில் வருவது உத்தமம். நடுவில் நிறுத்தினால் ஒரு பைசா திரும்பாது. பேட்ச்சில் ஒருவருக்குப் பெங்களூரில் வேலை கிடைத்து இரண்டாவது வாரமே கிளம்பினார், அவருக்கும் அதே பதில்தான்.

இதற்குப் பதில் எம்.பிளான், அதாவது நகரமைப்பு முதுகலை, படிக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். நகரமைப்புப் பதவிதான் வேண்டும், இரண்டு வருடம் வீட்டில் சமாளிக்க முடியும் என்றால் தாராளமாகப் படியுங்கள். அண்ணா பல்கலைக்கழகத்தின் கட்டடக்கலை மற்றும் திட்டமிடல் கல்லூரியில் இருக்கிறது, கேட் (GATE) நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணோடு போனால் மாதம் 12,400 உதவித்தொகைக்கும் வழியுண்டு. சில பதவிகளுக்கு நகரமைப்பில் முதுகலைப் படிப்பைத் தகுதியாகவோ முன்னுரிமையாகவோ கேட்பார்கள், ஆகவே அறிவிக்கையில் கல்வித் தகுதிப் பத்தியை முதலில் படித்துவிட்டு முடிவெடுங்கள். சிவில் முடித்து உடனே சம்பளம் வேண்டும் என்கிறவர்களுக்கு உதவிப் பொறியாளர் தேர்வுதான் சரி, அதற்கு இந்த கோர்ஸ் போதும். ஆனால் மாநகராட்சி கேட்டு உங்களுக்கு வேறு துறை ஒதுக்கீடாகவும் வாய்ப்பு உண்டு, அதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

சேருவதாக இருந்தால் பணம் கட்டும் முன் இரண்டு காரியம் செய்யுங்கள். நோட்ஸ் மூன்றாம் புத்தகத்தை வாங்கி நகராட்சி நிர்வாக அத்தியாயத்தைத் திறந்து எந்தச் சட்டம் என்று பாருங்கள், இன்னும் 1920 என்றால் நோட்ஸ் இல்லாமல் எவ்வளவு என்று பேரம் பேசுங்கள், 4,000 வரை குறைக்கிறார்கள். ஞாயிறு வகுப்பு அந்த பேட்ச்சில் இருக்கிறதா, அதே சார்தான் வருகிறாரா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். பாதி விலைக்கு ஆன்லைன் பேட்ச் என்று ஒன்றைத் தள்ளிவிடப் பார்ப்பார்கள், எடுக்க வேண்டாம், அதில் ஞாயிறு வகுப்பே கிடையாது.